அறாவட்டி: பேராசை குறிக்கும் ஒரு பெயரெச்சத்தின் பொருளும் பிறப்பும்

1

பேராசையைக் குறிக்கும் சொற்கள் தமிழிற் பல. அவா, வெஃகல், இவறல், உலோபம் என இலக்கிய வழக்கிலும், கருமி, கஞ்சன், கசவாரம் எனப் பேச்சு வழக்கிலும் அவை விரிந்து செல்கின்றன. இவையாவும் ஒரு வகையில் ஒத்தவை. ஆசைப்படும் உள்ளத்தையோ, அவ்வுள்ளத்தையுடைய ஆளையோ அவை சுட்டுகின்றன. இவற்றினின்றும் வேறுபட்ட ஓர் அடைச்சொல் ஈழத்தின் வடபுலத்திலே வழங்கிவருகின்றது. 'அறா' என்பதே அச்சொல்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலப்பரப்பிலே, 'அறாவட்டிக்கு எடுத்த காசு', 'அறாவிலை சொல்லுறான்' என்று கமக்காரரும் கூலியாட்களும் பேசுவதைக் கேட்கலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் இவ்வழக்குப் பொதுவானதே. எனினும், விதைப்புக்கும் அரிவுவெட்டுக்கும் இடைப்பட்ட மாதங்களைக் கடனிலே கழிக்கும் நெற்செய்கைச் சமூகத்தில்தான் இச்சொல்லின் பொருள் முழுமையாக விளங்குகின்றது.

'அளவுக்கு மிஞ்சிய', 'அநியாயமான' என்று இதற்குப் பொருள் கூறி அமைந்துவிடுவது எளிது. அவ்வாறு கூறுவது பிழையன்று, ஆனால் போதாது. இச்சொல் வட்டியையும் விலையையும் தழுவுகின்றது; வட்டி வாங்குபவனைத் தழுவுவதில்லை. 'அறாமனிதன்' என்றோ 'அறாமுதலாளி' என்றோ எவரும் கூறுவதில்லை. பேராசையைக் குறிக்கும் ஒரு சொல் பேராசைக்காரனை விட்டுவிட்டு அவன் பெறும் பொருளின்மீது மட்டும் ஏறி நிற்பது ஏன்? இவ்வினாவுக்கு விடை காணும் முயற்சியாகவே சொல்லின் வடிவத்தையும் வரலாற்றையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

2

'அறா' என்பதன் வடிவத்துக்கு இரு விளக்கங்கள் கூற இடமுண்டு. 'அற' என்ற வினையெச்சமே பேச்சில் நீண்டு 'அறா' ஆயிற்று என்பது ஒன்று. 'அற' முற்ற, மிக என்னும் பொருளைத் தருவது. 'அறவே' என்ற வழக்கிலும், அறப்படித்த மூஞ்சூறு கழுநீர்ப் பானையில் விழுந்த கதையைக் கூறும் பழமொழியிலும் அதனைக் காணலாம். இவ்விளக்கத்தின்படி அறாவட்டி என்பது மிகுந்த வட்டி. அறாவிலை என்பது மிகுந்த விலை. பொருள் எளிதிற் பொருந்துகின்றது.

ஆயினும் இலக்கணம் இதற்குத் தடையாக நிற்கின்றது. 'அற' வினையைத் தழுவும். 'பெரிது', 'நல்ல' போன்ற பண்புச் சொற்களையும் தழுவும். பெயரை அது நேரே தழுவுவதில்லை. மிகுந்த பசியை 'அறப்பசி' என்றோ, மிகுந்த பணத்தை 'அறப்பணம்' என்றோ நாம் கூறுவதில்லை. அவ்வாறு கூறின் கேட்பவர் 'அறம்' என்னும் பெயரையே நினைவுகூர்வர்.

மற்றைய விளக்கமே வலுவுடையதாகத் தோன்றுகின்றது. 'அறு' என்னும் வினையடியோடு எதிர்மறை சேர்ந்து 'அறாத' என்றாகி, ஈறுகெட்டு 'அறா' என நின்றது. 'ஓடாக் குதிரை', 'வாடா மலர்' என்பன போல இது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பெயரெச்சமாதலின் பெயரைத் தழுவுவது அதற்கு இயல்பு. நெடில் பேச்சில் மாறாது நிலைப்பதற்கும் இதுவே காரணமாகும். இவ்வாறாயின் அறாவட்டி என்பதன் முதற்பொருள் 'மிகுந்த வட்டி' அன்று. 'அற்றுப்போகாத வட்டி' என்பதே. மிகுதி என்பது பின்னர் வந்த பொருள். கொடுக்கக் கொடுக்க முடியாத ஒன்று மிகுந்ததாகத் தோன்றுவது இயல்பே.

விலையின் விடயத்தில் மாத்திரம் ஓர் இடர்ப்பாடு எஞ்சுகின்றது. வட்டி முடிவுறாது தொடரலாம். விலை எவ்வாறு தொடரும்? ஒரு முறை கொடுத்தால் அதோடு தீர்வதல்லவா விலை? இவ்விடர்ப்பாட்டுக்கு இலக்கணத்தில் விடையில்லை, வாழ்க்கையில் உண்டு. அதனைப் பின்னர் நோக்குவோம்.

3

'அறா' என்னும் பெயரெச்சம் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பொருநராற்றுப்படையின் முதற்சொல்லே அதுதான். அங்கே அது தழுவி நிற்பது 'யாணர்' என்னும் பெயரை, அதாவது புதுவருவாயை. ஒரு பேரூரின் வளம் என்றும் அற்றுப்போகாதது என்பதே கருத்து. நிலம் விளைந்துகொண்டேயிருக்கும், அவ்விளைவு பாணருக்கும் பொருநருக்கும் பகிரப்பட்டுக்கொண்டேயிருக்கும் என்ற வாழ்த்து அச்சொல்லிலே பொதிந்துள்ளது. அற்றுப்போகாமை அங்கே நற்பண்பு.

இடைக்காலத்திலே இதே இலக்கண வடிவம் வேறொரு துறையிற் செல்வாக்குப் பெறுவதைக் காண்கின்றோம். கோயில்களிலே எரியவேண்டிய நிரந்தர விளக்கினைக் கல்வெட்டுக்கள் 'நந்தா விளக்கு' என்கின்றன. நந்தா என்பதும் எதிர்மறைப் பெயரெச்சமே. கெடாத என்பது பொருள். சோழர்காலத்தில் இத்தகைய விளக்கொன்றுக்காகப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் கொடுக்கப்பட்டன. அவற்றைப் பொறுப்பேற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுத் தரும் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாவாதவை, மூப்படையாதவை. உயிருள்ள ஆடுகள் சாகும், மூக்கும் என்பதைக் கல்வெட்டைப் பொறித்தவர் அறியாதவரல்லர். கணக்கிலே ஆடு சாவதில்லை என்பதே அத்தொடரின் கருத்து. மந்தை பெருகினாலும் குறைந்தாலும் நெய்யின் அளவு குறையாது. கடமை தலைமுறை தலைமுறையாகத் தொடரும். உயிர்ப்பொருளை மூலதனமாக்கியபோது அதற்கு இறவாமையை வழங்கவேண்டியிருந்தது. அதனை வழங்கியது ஓர் எதிர்மறைப் பெயரெச்சம்.

பணத்தைப் பொறுத்தவரை இது மேலும் தெளிவு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வழங்கப்பட்ட காசுகள் ஊர்ச்சபைகளிடம் வட்டிக்கு விடப்பட்டன. ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்காற் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம், வட்டி அறவிடப்பட்டது. இவ்வேற்பாடு சந்திரனும் சூரியனும் உள்ளவரை தொடரவேண்டியது. முதல் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டியதன்று. வட்டியே என்றென்றும் வரவேண்டியது. ஆகவே, அற்றுப்போகாத வட்டி என்ற பொருண்மை அக்காலத்திலே நிலவியது; அது அறமாகவே மதிக்கப்பட்டது. கல்லிலே பொறித்தது கொடுத்தவர் பக்கத்து மொழி. ஆண்டுதோறும் அளந்த ஊராரின் மொழி கல்லேறவில்லை.

அக்கல்வெட்டுக்களில் வட்டியைக் குறிக்கும் சொல் 'பொலிசை'. பொலி என்பது பெருகுதலையும் களத்திலே குவிந்த நெல்லையும் குறிப்பது. சூடு மிதித்துப் பொலி தூற்றும் வன்னிக் கமக்காரர் அச்சொல்லை நன்கறிவர். நாம் இன்று வழங்கும் 'வட்டி'யும் வளர்ச்சி என்னும் பொருள்தரும் 'விருத்தி' என்ற வடசொல்லின் வழிவந்ததே. சங்க நூல்களிலே பெட்டியைக் குறிக்கும் 'வட்டி' இதனின் வேறானது. கிரேக்கரும் வட்டியைத் 'தோக்கொஸ்' என்றனர். அது பிள்ளை, ஈற்று என்னும் பொருளுடையது. பணம் பணத்தை ஈனுவது இயற்கைக்கு முற்றிலும் மாறானது என்று அரிஸ்ரோட்டில் தமது அரசியல் நூலிலே கண்டித்தமைக்கு அச்சொல்லும் ஒரு காரணம்.

இவற்றை ஒருங்கே நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். வட்டிக்கென மொழி தனியே ஒரு சொல்லைப் படைத்துக்கொள்ளவில்லை. நிலத்தின் விளைவையும் உயிரின் பெருக்கத்தையும் குறித்த சொற்களையே அது கடன் வாங்கியது. 'அறா' என்பதன் பயணமும் இத்தகையதே. யாணரைத் தழுவிய அடை வட்டியைத் தழுவலாயிற்று. ஆனால் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. பொலிசையும் விருத்தியும் பெறுபவரின் மகிழ்ச்சியைச் சொல்வன. அறாவட்டி கொடுப்பவரின் துயரைச் சொல்வது. நந்தா, சாவா, மூவா என்று கொடையாளர் போற்றிய அதே அற்றுப்போகாமையைக் கடனாளி தன் பக்கத்தில் நின்று பார்த்தபோது வாழ்த்து வசையாயிற்று.

4

அந்தப் பக்கம் எத்தகையது என்பதை வன்னியின் பொருளியல் வாழ்வு காட்டும். குளங்களை நம்பிய நெற்செய்கை இம்மண்ணின் பழைமையான தொழில். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரணைமடுக் குளம் கட்டப்பெற்றதும், 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பின்னர் குடியேற்றத் திட்டங்கள் விரிவடைந்ததும் கிளிநொச்சிப் பகுதியைப் பெரும் நெற்களஞ்சியமாக்கின. குடாநாட்டிலிருந்து வந்து காடுவெட்டிக் களனியாக்கியவர்களிடம் உழைப்பு இருந்தது, முதல் இருக்கவில்லை. காலபோக விதைப்புக்கு விதைநெல் வேண்டும். உழவுக்கும் வேலிக்கும் கூலிக்கும் காசு வேண்டும். அரிவுவெட்டு வரை வீட்டிலே உலை கொதிக்கவேண்டும். இவற்றைக் கடனாகத் தந்தவர் பெரும்பாலும் கடை முதலாளியே.

கணக்கை விளக்கும் பொருட்டு ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஐப்பசியில் 10 புசல் விதைநெல் வாங்கியவர் மாசியிலே 15 புசல் அளக்கவேண்டும் என்பது பேச்சு. கேட்பதற்கு 'ஒன்றுக்கு ஒன்றரை' என்பது சிறிதாகவே தோன்றும். ஆயின் இடைப்பட்டது ஏறத்தாழ ஐந்து மாதம். ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் அது நூற்றுக்கு 120 ஆகும். மழை பிழைத்தாலோ, வெள்ளம் கொண்டாலோ, யானை அழித்தாலோ, அளக்காத நெல் அடுத்த போகத்தின் முதலாகும். அதன்மேல் மீண்டும் ஒன்றுக்கு ஒன்றரை.

இந்நிலையில் 'அறு' என்னும் ஒரே வேரினின்றும் முளைத்த மூன்று சொற்கள் கமக்காரரின் வாழ்வைச் சூழ்ந்து நிற்பதை அவதானிக்கலாம். அறுவடை, அறா, அறுதி என்பன அவை. அறுவடையிலே கடனும் அற்றுவிடும் என்பது எதிர்பார்ப்பு. அறாதுபோனால் காணி ஈட்டுக்கோ ஒற்றிக்கோ செல்லும். 1707 இல் ஒல்லாந்தராட்சியிலே தொகுக்கப்பட்ட தேசவழமை, ஒற்றிபிடித்தவர் வட்டிக்கு ஈடாகக் காணியின் விளைவை அனுபவிக்கும் முறையைப் பதிவுசெய்துள்ளது. அங்கே வட்டியும் விளைவும் ஒன்றாகிவிடுகின்றன, யாணரே வட்டியாகின்றது. ஒற்றியும் மீளாதபோது எழுதப்படுவது அறுதி உறுதி, அதாவது முற்றான விற்பனை. கடன் அறாமையின் முடிவு காணியின் உரிமை அறுதல்.

இப்போது விலை பற்றிய இடர்ப்பாட்டுக்கு வருவோம். வட்டியைத் தழுவிய அடை விலைக்குப் பரந்தது எவ்வாறு? சொற்பொருள் விரிவு என்று பொதுவாகக் கூறலாம். ஆனால் அவ்விரிவு ஏன் கூலிக்குப் பரவவில்லை? மிகுந்த கூலியை 'அறாக்கூலி' என்று கூறும் வழக்கு எம்மிடம் இல்லை. மிகுதி ஒன்றே பொருளாயின் அதுவும் தோன்றியிருக்கலாம். வட்டியும் விலையும் ஒரே இடத்திலிருந்து வந்தன என்பதே காரணமாதல் வேண்டும். விதைநெல்லைக் கடனாகத் தந்தவரே சீனியையும் மண்ணெண்ணெயையும் கடனுக்கு விற்றார். அவரே களத்துக்கு வந்து நெல்லையும் கொண்டார். அவர் கொள்ளும் நெல்லுக்குக் குறைந்த விலை. கொடுக்கும் சாமானுக்குக் கூடிய விலை. ஒரே கொப்பியிலே எழுதப்பட்ட கணக்கில் எது முதல், எது வட்டி, எது விலை என்று பிரித்தறிதல் கடனாளிக்கு இயலாது. விலையும் அக்கணக்கிலே ஒருமுறை கொடுத்துத் தீர்வதாக இருக்கவில்லை. ஆகவே, வட்டியின் அடை விலைக்கும் உரியதாயிற்று. இலக்கணம் இடர்ப்பட்ட இடத்திலே பொருளியலுறவு வழிகாட்டுகின்றது.

அரசும் கூட்டுறவு இயக்கமும் இவ்வுறவை மாற்ற முயன்றன. 1911 இன் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம், 1918 இன் கடன் வழங்கல் கட்டளைச் சட்டம், 1958 இன் நெற்காணிச் சட்டம், 1971 இல் அமைக்கப்பட்ட நெற் சந்தைப்படுத்தும் சபை என்பன அவ்வழியில் வந்தவை. இவை ஓரளவு துணைசெய்தன. எனினும், அறா என்ற சொல்லை வழக்கொழியச் செய்யும் அளவுக்கு இவற்றுள் எதுவும் வெற்றிபெறவில்லை.

5

இனி முதலில் எழுப்பிய வினாவுக்கு வரலாம். எமது அறநூல்கள் பேராசையை உள்ளத்தின் குற்றமாகவே கண்டன. திருக்குறளில் வெஃகாமை ஓர் அதிகாரம். பிறர்பொருளை விரும்பும் மனத்தை அது விலக்குகின்றது. குற்றங்கடிதல் அதிகாரத்தில் இவறல் ஆள்வோரின் குற்றங்களுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. நாலடியாரின் ஈயாமை அதிகாரமும் இவ்வழியதே. இவ்வறநோக்குக்குத் தனக்கேயுரிய பெருமை உண்டு. ஆயின் அதன் பரிகாரமும் உள்ளத்தோடு நின்றுவிடுகின்றது. பேராசைக்காரன் திருந்தினால் பேராசை ஒழியும் என்பதே அதன் உட்கிடை.

அறாவட்டி என்ற சொல்லைப் படைத்த மக்கள் பேராசையை வேறோரிடத்தில் வைத்தனர். கடன்தந்தவர் நல்லவராகவும் இருக்கலாம். கோயில் திருவிழாவுக்கு உபயம் செய்பவராகவும், கடனாளியின் பிள்ளைக்குக் காதுகுத்துக்கு வருபவராகவும் இருக்கலாம். அவரது குணம் எதுவாயினும் வட்டி அறாது. எனவே அடைமொழி வட்டிக்கே உரியது. வட்டிமூலதனம் உற்பத்திமுறையை மாற்றாது அதனை வறிதாக்கிக்கொண்டு அதன்மேல் ஒட்டிக்கொள்கின்றது என்று மார்க்ஸ் மூலதனத்தின் மூன்றாம் தொகுதியிலே கூறினார். அந்நூலை அறியாத கமக்காரர் ஓர் ஈறுகெட்ட பெயரெச்சத்தினால் அதே உறவைத் தொட்டுக்காட்டினர்.

எமது புனைகதைக்கும் விமர்சனத்துக்கும் இதிலே ஒரு பாடம் உண்டு. வன்னி மண் நாவலிலே வலுவாக இடம்பெறத் தொடங்கியது 1970 களில். தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973 இல் வெளிவந்தது. காட்டோடு இயைந்த உழைப்பையும் வெகுளித்தனமான மனித உறவுகளையும் அது மறக்கவொண்ணாதவாறு காட்டியது. கடனும் வட்டியும் அதன் மையமல்ல. 1977 இல் வந்த செங்கை ஆழியானின் 'காட்டாறு' வன்னிக் கிராமத்துச் சுரண்டலையே பொருளாகக் கொண்டது. அவ்வகையில் அது ஒரு முன்னேற்றம். எனினும், இத்துறையில் எழுந்த எமது படைப்புக்கள் பொதுவாகச் சுரண்டலைச் சுரண்டுபவனின் கெட்ட குணமாகக் காட்டும் போக்கினின்றும் முழுமையாக விடுபடவில்லை. முதலாளி கொடியவன், அவன் மதுவும் அருந்துவான், பெண்ணையும் விரும்புவான், முடிவில் அழிவான். வாசகர் மனம் ஆறுகின்றது. கொப்பியின் கணக்கு மட்டும் ஆராயப்படாது போகின்றது. நல்ல மனிதர் ஒருவர் அறாவட்டி வாங்கும் கதையை எழுதுவது கடினம். ஆனால் மக்களின் சொல் அக்கதையையே கோருகின்றது.

6

இவ்வாராய்ச்சி பழஞ்சொற்களின்மீதுள்ள பற்றினால் மட்டும் எழுந்ததன்று. 1990 இல் தொடங்கி 2002 இன் போர்நிறுத்தம் வரை நீடித்த பொருளாதாரத் தடையின்போது, எரிபொருளும் பற்றரியும் உரமும் வன்னியிலே அறாவிலைக்கு விற்றன. 2009 இல் போர் முடிந்தபின் வங்கிகளும் குத்தகைக் கம்பனிகளும் நுண்நிதி நிறுவனங்களும் இம்மாவட்டங்களுக்கு வந்தன. வீட்டையும் உழைப்பாளரையும் இழந்த பெண்கள் குழுக்களாகச் சேர்க்கப்பட்டு வாராந்தத் தவணைக் கடன் பெற்றனர். ஒரு கடனைக் கட்ட இன்னொன்று, அதனைக் கட்ட மற்றொன்று என அது வளர்ந்தது. 2018 செப்ரெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர், ஆண்டுக்கு 220 சதவீதம் வரையான வட்டியைப் பற்றிக் குறிப்பிட்டார். அவ்வாண்டிலேயே, வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடிசெய்ய அரசு முடிவுசெய்தது. நுண்கடன் வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. கோயிற் காசுக்குச் சோழர்கால ஊர்ச்சபை செலுத்திய வட்டியின் ஏறத்தாழ மூன்று மடங்கு அவ்வரம்பு.

இப்புதிய கடனிலே கொப்பி எழுதும் முதலாளி இல்லை. தவணை வாங்க மோட்டார் சைக்கிளில் வரும் இளைஞர் மாதச் சம்பளத்துக்கு வேலைசெய்பவர். வாங்கும் பணம் அவருடையதன்று. அவரிடம் பேராசை இருக்கவேண்டிய அவசியமே இல்லை. ஆளைச் சுட்டும் சொற்களாகிய கருமியும் கஞ்சனும் இங்கே பொருளற்றுப் போகின்றன. வட்டியைச் சுட்டும் சொல் மட்டும் பழுதின்றிப் பொருந்துகின்றது.

ஆனால் அச்சொல்லுக்குப் போட்டியாகப் புதிய சொற்கள் வந்துள்ளன. நுண்கடன், வலுவூட்டல், சேவைக் கட்டணம், தவணைப் பிற்போடல் என்பன அவை. பொலிசை என்றும் விருத்தி என்றும் முற்காலத்தில் நிகழ்ந்தது போலவே, பெறுபவர் பக்கத்து மொழி மீண்டும் பத்திரங்களில் ஏறுகின்றது. அறிக்கைகளும் ஆய்வுகளும், எமது பல்கலைக்கழக ஆய்வுகள் உட்பட, அம்மொழியையே பின்பற்றுகின்றன. அறாவட்டி கொச்சை என்று ஒதுக்கப்படுகின்றது. அது கொச்சையன்று, சங்கப் பாட்டொன்றின் முதற்சொல்லைத் தன்னுள் கொண்டது. மிகைக்கூற்றுமன்று, கடன் அற்றுப்போகாத நிலையை அளந்து சொல்வது. வன்னிப் பெண்ணொருத்தி தன் கடனை அறாவட்டி என்று கூறும்போது அவள் எவரையும் திட்டவில்லை. தான் அகப்பட்டிருக்கும் உறவின் இலக்கணத்தைக் கூறுகின்றாள். ஆய்வாளர் செய்யவேண்டியது அச்சொல்லைத் திருத்துவதன்று. அதனை அப்படியே எழுதிக்கொள்வதாகும்.